மூன்றாவது வாரத்துச் சீட்டு

வணக்கம். புதிதாக வகுப்பெடுக்க வந்திருக்கும் உங்களிடம் ஒரே ஒரு செமஸ்டரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் சிவிலோ மெக்கானிக்கலோ, எல்லோருக்கும் முதல் செமஸ்டரிலேயே பைதான் என்ற புரோகிராமிங் மொழி இருந்தது. 5 யூனிட். கேள்வித்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது: 2 மார்க் 10, 13 மார்க் 5, 15 மார்க் ஒன்று. இணைப்புக் கல்லூரியில் இருக்கும் நாம் இதில் ஒரு வரியைக்கூட வெட்ட முடியாது. ஆனால் எதை எப்போது நடத்துவது, எந்த வாரத்துக்குள் பிள்ளைகளுக்கு எது வர வேண்டும் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

முதல் யூனிட்டைப் பாருங்கள். ஒரு வரி புரோகிராம் எழுதிப் பழகும் முன்பே ஹனோய் கோபுரம், அதாவது தட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் புதிர், வந்து நிற்கிறது. நானும் வரிசை மாறாமல் அப்படியே நடத்தினேன், முகங்களைப் பார்த்தாலே சரியில்லை என்று தெரிந்தது. மூன்றாவது வாரம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, பேர் வேண்டாம், இன்றைக்குப் புரியாத ஒரு சொல்லை மட்டும் எழுதுங்கள் என்றேன். ஹனோய்தான் வரும் என்று நினைத்தேன். வந்ததெல்லாம் ‘இனிஷியலைஸ்’, ‘இட்டரேட்’, ‘ரிட்டர்ன்’. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள், கணக்கு நன்றாகவே வருகிறது, சொல்தான் இடிக்கிறது. ஒரு சீட்டில் ‘கோலன் எந்தக் கீ?’ என்று, அந்த இரட்டைப் புள்ளியை (:) கேட்டு இருந்தது. அதற்கு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

சரி, மாற்றினேன். ஹனோயை மூன்றாவது யூனிட்டில் ஃபங்ஷன் முடிந்த பிறகு என்று தள்ளி வைத்தேன். நாலாவது யூனிட்டில் இருக்கும் கடை பில் போடும் புரோகிராமை முன்னால் கொண்டுவந்தேன். முதல் இன்டர்னல் தேர்வுக்குள் சொந்தமாக புரோகிராம் எழுத வேண்டும் என்று வைத்திருந்த இலக்கை, பத்து வரி புரோகிராமைப் படித்து என்ன அச்சாகும் என்று சொல்ல வேண்டும் என்று மாற்றினேன். பொதுக் கேள்வித்தாள் என்பதால் மற்ற செக்‌ஷன் ஆசிரியர்களிடமும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

அப்படிப் படிக்கவைத்தபோதுதான் இன்னொன்று பிடிபட்டது. பைதானில் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சுக்கு 1, 10 கொடுத்தால் 9 வரைதான் வரும். நான் தமிழில் ‘1 முதல் 10 வரை’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். “பத்து வரைன்னா பத்தும் சேரணும்ல சார்?” என்று பின்வரிசையில் ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டது நியாயம். பிழை என் வாக்கியத்தில் இருந்தது. அன்றிலிருந்து ‘பத்து வந்ததும் நின்றுவிடும்’ என்றுதான் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் விலை இருக்கிறது. ஐந்தாவது யூனிட்டுக்கு இரண்டு சனிக்கிழமை கூடுதலாக எடுக்க வேண்டியிருந்தது. வேகமாகப் படிக்கும் சிலருக்கு அந்த வாரங்கள் இழுவையாகத்தான் இருந்திருக்கும், அவர்களுக்குத் தனியாகக் கணக்குகள் கொடுத்தேன், அது போதவில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அப்புறம், மாற்றியதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சீட்டில் நீங்கள் எழுதியதால்தான் இந்த வரிசை மாறுகிறது என்று சொன்னேன். அடுத்த தடவை ஒரு சொல் எழுதச் சொன்னால் முழு வாக்கியமே எழுதினார்கள், அதில் ஒருவர் கேட்டிருந்தார்: ‘ஹனோய் எப்ப சார்?’