பேப்பர்ல கான்ட்ராக்டர், நடத்தறது வேலைக்காரரா? – டெக்சாஸ்லேருந்து ஒரு கேள்வி

அடுத்த கேள்வி, டெக்சாஸ்லேருந்து ஒருத்தர் அனுப்பியிருக்கார். வாசிச்சிடறேன். "மேடம், இங்க சின்னதா ஒரு எல்எல்சி கம்பெனி வெச்சிருக்கேன். மதுரையில ரெண்டு பசங்க எனக்கு ஆப் எழுதித் தர்றாங்க. கான்ட்ராக்டர்னுதான் அக்ரிமென்ட். மாசாமாசம் ஒரே தொகை அனுப்பறேன். லேப்டாப் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் 6 மணிலேருந்து ராத்திரி 2 மணி வரைக்கும் ஆன்லைன்ல இருக்கணும், லீவுன்னா முன்னாடியே கேக்கணும். அவங்களுக்கு 1099-ங்கற அமெரிக்க வரி ஃபார்ம் கொடுக்கணுமா? இந்தியாவுல சிக்கல் வருமா?"

1099 வேண்டாம். அவங்க அமெரிக்காக்காரங்க இல்ல, வேலையும் மதுரையில உக்காந்துதான் நடக்குது. "நான் அமெரிக்காக்காரன் இல்ல"ன்னு அவங்க உறுதி சொல்ற டபிள்யூ-8பென் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி உங்க ஃபைல்லயே வெச்சுக்குங்க, ஐஆர்எஸ்ஸுக்கு, அதாவது அமெரிக்க வரித்துறைக்கு, அனுப்ப வேண்டியதில்ல. கையெழுத்துப் போட்ட வருஷத்துக்கு அப்புறம் மூணாவது வருஷக் கடைசி வரைக்கும் அது செல்லும். அவ்வளவுதான்.

ரெண்டாவது கேள்விதான் வில்லங்கம். அக்ரிமென்ட் தலைப்புல என்ன எழுதியிருக்குன்னு நம்ம ஊர் கோர்ட் பாக்காது. ஒரு பழைய கேஸ் சொல்றேன். செகந்திராபாத்ல ஒரு தையல் கடை, சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ். அங்க தைக்கறவங்களுக்குத் துணிக்கு இவ்வளவுன்னு கூலி. முழு நாளும் இருக்கணும்னு கட்டாயம் கிடையாது. வரலைன்னா லீவ் லெட்டர் கூட வேண்டாம். வேற கடைக்கும் தைக்கலாம். கடைக்காரர், "இவங்க என் வேலைக்காரங்க இல்ல"ன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1973-ல தீர்ப்பு வந்துச்சு: வேலைக்காரங்கதான். ஏன்? தையல் மெஷின் கடையோடது. தையல் சரியில்லைன்னா பிரிச்சுத் திரும்பத் தைக்கச் சொல்ற அதிகாரமும் கடைக்காரர்கிட்ட இருந்துச்சு.

இப்ப உங்க லேப்டாப்பை அந்த மெஷின் இருந்த இடத்துல வெச்சுப் பாருங்க. அந்த டெய்லருங்களுக்காவது லீவ் கேக்கற வேலை இல்ல! உங்க பசங்க கேக்கணும்.

ரெண்டே பேர்ங்கறதால பிஎஃப் இப்போதைக்கு வராது, அதுக்கு 20 பேர் வேணும். ஆனா தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம்னு 1947-லேருந்தே ஒண்ணு இருக்கு. ஆறு மாசம் தொடர்ந்து வேலை பாத்தவரைத் தகுந்த காரணம் இல்லாம, ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ கொடுக்காம அனுப்பக் கூடாது. நாளைக்கு ராத்திரியோட ராத்திரியா ஒருத்தர் ஆக்ஸஸை எடுத்தீங்கன்னா, "நான் வேலைக்காரன்தான்"னு அவர் கிளம்பறதுக்கு உங்க மெயிலும் சாட்டுமே சாட்சி.

சரி, உடனே நேரக் கட்டுப்பாட்டையெல்லாம் எடுத்துட்டு நிஜ கான்ட்ராக்டராவே ஆக்கிடலாம்னு தோணும். ஆக்குங்க. ஆனா இங்கதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடறாங்க. நம்ம பதிப்புரிமைச் சட்டப்படி, அதாவது காப்பிரைட் சட்டப்படி, வேலைக்காரர் வேலையில எழுதினது முதலாளிக்குச் சொந்தம். கான்ட்ராக்டர் எழுதினது? அவருக்கே சொந்தம். கம்ப்யூட்டர் புரோகிராமும் இதுல அடக்கம். காசு கொடுத்துட்டோம்ல, நம்மளோடதுதானேங்கறது இங்க எடுபடாது. அமெரிக்க டெம்ப்ளேட்ல "வொர்க் ஃபார் ஹயர்"னு, காசு கொடுத்தவருக்கே படைப்பு சொந்தம்கற மாதிரி ஒரு வரி இருக்கும், அதை மட்டும் நம்பாதீங்க. உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டேன்னு அவர் கையெழுத்தோட இருக்கணும்.

அதுலயும் எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா சட்டம் 5 வருஷம்னு எடுத்துக்கும். எந்தெந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும்னு எடுத்துக்கும். ஆப் விக்கறது டெக்சாஸ்ல, உரிமை இந்தியாவுக்கு மட்டும்! போதாததுக்கு, வாங்கின உரிமையை ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலைன்னா அதுவும் காலாவதி, வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய. அதனால பதிப்புரிமை இருக்கற காலம் முழுக்க, உலகம் முழுக்க, பயன்படுத்தாட்டியும் உரிமை போகாதுன்னு மூணையும் எழுதி வாங்குங்க. ஏற்கெனவே எழுதி முடிச்ச கோடுக்கும் சேர்த்து.

இன்னொண்ணு, அந்தப் பசங்களை விட்டு இந்தியாவுல கஸ்டமர் பிடிச்சு உங்க பேர்ல ஒப்பந்தம் போட வைக்காதீங்க. அது வழக்கமாச்சுன்னா உங்க கம்பெனிக்கு இங்க நிரந்தர இருப்பு, அதாவது இங்கயே ஒரு கிளை இருக்கற மாதிரி, இருக்குன்னு வருமான வரித்துறை சொல்லலாம். அப்புறம் அந்த லாபத்துக்கு இங்க வரி, வெளிநாட்டுக் கம்பெனிக்கு 35 சதவீதம், மேல செஸ் வேற. கோடு மட்டும் எழுதறவங்களால அந்தக் கவலை ரொம்பக் கம்மி.

பணத்தை பேங்க் வழியாவே அனுப்புங்க, மாசாமாசம் அவங்ககிட்ட இன்வாய்ஸ் வாங்குங்க. வருமான வரி அவங்க பாடு. வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதிவும் அவங்கதான் எடுக்கணும். ஏற்றுமதிங்கறதால எல்யுடிங்கற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துட்டா வரி கட்ட வேண்டியிருக்காது.

"இல்ல மேடம், எனக்கு ராத்திரி 2 மணி வரைக்கும் ஆள் இருந்தே ஆகணும்"னு நீங்க சொன்னா, கான்ட்ராக்டர்ங்கற பேச்சை விட்டுடுங்க. எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டுன்னு சில கம்பெனிங்க இருக்கு. அவங்க பேரோல்ல பசங்களைச் சேர்த்து சம்பளம், பிடித்தம் எல்லாம் பாத்துப்பாங்க, ஆளுக்கு இவ்வளவுன்னு மாசக் கட்டணம். ஆனா அப்ப கோடோட உரிமை முதல்ல அந்தக் கம்பெனிக்குப் போகும். அங்கேருந்து உங்களுக்கு வருதான்னு அவங்க ஒப்பந்தத்துல பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

ம்... அடுத்தது ஜிஎஸ்டி ரீஃபண்ட் பத்தி ஒருத்தர் கேட்டிருக்காங்க.