மிக அழகான ஒரு வரைபடம்

நேயர்களுக்கு வணக்கம்.

குடிநீரைச் சோதனைக்குக் கொடுத்த ஒருவருக்கு ஒரு தாள் வருகிறது. ஈயம், லிட்டருக்கு 8 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10. நிம்மதியாகத் தாளை மடித்து வைத்துவிடுகிறார். கருவியை அவர் பார்த்ததில்லை, அதை இயக்கியவர் யாரென்றும் தெரியாது. தாளில் இருக்கும் முத்திரையை நம்புகிறார். நெடுங்காலம் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த நான் முதலில் கேட்பது வேறொன்றை: அன்றைய தரக் கட்டுப்பாட்டு வரைபடம் எங்கே?

அது எளிய ஏற்பாடுதான். வந்த மாதிரிகளோடு, அளவு முன்பே தெரிந்த ஒரு கரைசலையும் தினமும் கருவியில் செலுத்துகிறோம். கிடைக்கும் எண்ணை ஒரு புள்ளியாக வைக்கிறோம். நடுவில் சராசரிக் கோடு. எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவைத் திட்ட விலக்கம் என்பார்கள். இருபுறமும் இரண்டு திட்ட விலக்கத் தொலைவில் எச்சரிக்கைக் கோடு. மூன்று திட்ட விலக்கத் தொலைவில் வேலையை நிறுத்தச் சொல்லும் கோடு. தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைக்காக வால்டர் ஷூஹார்ட் 1924இல் உருவாக்கிய முறை இது. 1950இல் லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் இதை மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒருமுறை ஒரு கூடத்தில் தணிக்கைக்காகப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இருநூறு நாள் புள்ளிகள். ஒன்றுகூட எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டவில்லை. கூடத் தலைவருக்குப் பெருமை. எனக்கோ வயிற்றைக் கலக்கியது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் கூடத்திலும் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவான புள்ளிகள் இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே விழுந்தே தீரும். இருநூறில் ஏறக்குறைய ஒன்பது. அந்த ஒன்பதும் எங்கே போயின?

கருவியோடு இணைந்த கணினியில் இருந்தன. பல நாட்களில் அதே கரைசல் இரண்டு, மூன்று முறை செலுத்தப்பட்டிருந்தது. பதிவேட்டில் ஏறியது கடைசி எண் மட்டும். அங்கிருந்த இளம் பகுப்பாய்வாளர் ஒளிக்கவில்லை. "முதலில் சரியாக வரவில்லை ஐயா, அதனால் திரும்பப் போட்டேன்" என்றார். கோட்டுக்கு வெளியே புள்ளி விழுந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. அப்படியொரு விதியை வைத்துவிட்டு உண்மையான புள்ளிகளை எதிர்பார்த்தால் எப்படி? குற்றம் அவருடையது என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

இழந்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணினியிலிருந்த முதல் எண்களை மட்டும் எடுத்து நாங்கள் புதிதாக வரைந்தோம். ஓரிடத்தில் தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் சராசரிக் கோட்டுக்குக் கீழேயே கிடந்தன. நாணயத்தை எட்டு முறை சுண்டி எட்டும் ஒரே பக்கம் விழ 128இல் ஒரு வாய்ப்புதான். தேடிப் பார்த்தோம். கருவிக்கு அளவுத்திருத்தம் செய்யும் நியமக் கரைசலின் மூடி தளர்ந்திருந்தது. கரைப்பான் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக, கரைசல் செறிவேறியிருந்தது. கருவியோ அதைப் பழைய செறிவாகவே எண்ணி, மாதிரிகளையெல்லாம் குறைத்துக் காட்டியது. அங்கே 8 என்று அச்சான எண் உண்மையில் 9 ஆக இருந்திருக்கலாம், 10ஐத் தாண்டியும் இருந்திருக்கலாம். நல்லவேளையாக, கட்டுப்பாட்டுக் கரைசலை வேறொரு மூலத்திலிருந்து தயாரித்திருந்தார்கள். இரண்டையும் ஒரே புட்டியிலிருந்து எடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே தவறியிருக்கும், வரைபடம் மூச்சுவிட்டிருக்காது. இந்தச் சிக்கனத்தைப் பல கூடங்களில் பார்க்கிறேன்.

சோதனைக்கூடங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 17025இன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, போக்குகள் கண்டறியப்படும் வகையில் இத்தரவுகளைப் பதிய வேண்டும் என்கிறது. கோப்பில் எண்களை அடுக்கினால் மட்டும் போக்கு தெரியாது; தினமும் ஒருவர் வரைபடத்தின் முன் நிற்க வேண்டும். வெற்று மாதிரி, இரட்டைச் சோதனை, சான்று பெற்ற குறிப்புப் பொருள், பிற கூடங்களோடு ஒப்பிடும் திறனறி சோதனை என்று இன்னும் பல காவல்கள் உண்டு. அவற்றுக்குத் தனித்தனி உரை வேண்டும்.

அந்தக் கூடத்துக்கு அடுத்த ஆண்டு மறுபடியும் போனேன். விளக்கக் கடித விதியை எடுத்துவிட்டிருந்தார்கள். வரைபடத்தில் சிவப்பு மையில் பதினொரு புள்ளிகள். ஒன்றின் அருகே பென்சிலால் சிறிதாக எழுதியிருந்தது: "பிப்பெட் முனை சரியாகப் பொருந்தவில்லை. மாற்றினேன்."

வணக்கம்.