பின்னால் நகர்ந்த பெயர்: சபை வாலிபர்களை வழிநடத்துவது பற்றி

[திரையில்: "பர்னபா, சவுல்" என்ற இரண்டு பெயர்கள். மெல்ல இடம் மாறுகின்றன.]

அப்போஸ்தலர் நடபடிகளைத் திறந்து, 11-ஆம் அதிகாரத்திலிருந்து பெயர்களின் வரிசையை மட்டும் கவனித்துக்கொண்டே வாசியுங்கள். "பர்னபாவும் சவுலும்" என்றுதான் லூக்கா எழுதுகிறார். 13-ஆம் அதிகாரத்தில், பாப்போவில் அதிபதியின் முன்னால் நிற்கும்போதும் பர்னபாதான் முதலில். அங்கே, பவுல் என்றும் அழைக்கப்படும் சவுல் வாய் திறந்து பேசுகிறார். அடுத்த கப்பல் பயணத்தை லூக்கா எழுதும்போது, "பவுலும் அவனைச் சேர்ந்தவர்களும்" என்கிறார். பர்னபாவின் பெயரே அந்த வரியில் இல்லை. பிறகு பெரும்பாலும் "பவுலும் பர்னபாவும்".

இதைப் பற்றி பர்னபா முறையிட்டதாக ஒரு வரிகூட இல்லை. வாலிபர் ஊழியத்தில் இருக்கிற நமக்கு இந்த மனிதரைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இந்த வீடியோ.

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். மாற்கு 10-ஆம் அதிகாரத்தில், யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்ட பிறகு, இயேசு சீஷர்களை அருகில் அழைக்கிறார். புறஜாதி அதிகாரிகள் "இறுமாப்பாய் ஆளுகிறார்கள்", உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது என்கிறார். பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக, முதன்மையானவனாக விரும்புகிறவன் ஊழியக்காரனாக இருக்கவேண்டும். மூலத்தில் இவை இரண்டு கிரேக்கச் சொற்கள். டியாக்கொனொஸ் என்பது பந்தியில் பரிமாறுகிறவரையும் குறிக்கும். டூலொஸ் என்றால் அடிமை.

[திரையில்: "ஊழியக்காரர்" என்ற சொல். அதன் கீழே, "அடிமை".]

நம் சபைகளில் "ஊழியக்காரர்" என்பது இன்று மரியாதைக்குரிய பட்டம். அவருக்கு முன்வரிசை, அவருக்கு மாலை. இயேசு சொன்ன இடத்தில் அந்தச் சொல்லின் அடியில் கிடப்பதோ அடிமை என்ற சொல். இந்த இடைவெளியை உணராமல் ஒருவர் வாலிபர்களை வழிநடத்தப் புறப்பட்டால், அவர்கள் அவரிடம் கற்றுக்கொள்வது பட்டத்தைத்தான்.

ஆனால் அடிமைக் கோலம் என்றவுடன், வாலிபர்களுக்கு எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நாற்காலி போடுவது, ஒலிபெருக்கி ஏற்பாடு, கூட்டத்தின் முழு நிகழ்ச்சி நிரல், எல்லாமே தலைவர் கையில். வாலிபர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். உழைப்பு உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அங்கே ஒருவரும் வளரவில்லை.

பர்னபா செய்தது வேறு. அந்தியோகியாவில் சபை பெருகியது. அவர் தனியாகவே அதை நடத்திப் பேர் வாங்கியிருக்கலாம். அவரோ தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடிக் கண்டுபிடித்து, அழைத்து வந்தார். சபையைத் துன்பப்படுத்திய சவுலின் பழைய வாழ்க்கைக்கு அஞ்சி எருசலேமில் சீஷர்கள் விலகி நின்றபோது, அவரைக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போனவரும் இவரே. அந்தியோகியாவில் இருவரும் ஒரு வருட காலம் சபையோடு கூடியிருந்து போதித்தார்கள். ஒரு வருடம்! வார இறுதி முகாம் அல்ல. ஒரே வேலையை இரண்டு பேர் தோளோடு தோள் நின்று செய்த வருடம் அது.

அதை நம் நடைமுறைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு வாலிபப் பெண்ணிடம் வேதபாடம் நடத்தும் பொறுப்பைக் கொடுக்கிறீர்கள். முதல் முறை அவள் அருகில் உட்கார்ந்து ஆயத்தம் செய்யுங்கள். வசனத்தைத் தேர்ந்தெடுப்பதும் கேள்விகளை எழுதுவதும் அவள் வேலையாக இருக்கட்டும். கூட்டத்தில் அவள் தடுமாறும் அந்த நொடியில் உங்கள் நாவு துடிக்கும். பேசாதீர்கள். எல்லாருக்கும் முன்னால் திருத்தப்பட்ட பிள்ளை, அடுத்த முறை கேட்டால் "வேண்டாம் அண்ணா" என்று ஒதுங்கிவிடுவாள். கூட்டம் முடிந்த பிறகு தனியாகக் கேளுங்கள்: எது நன்றாக வந்தது, எங்கே சிக்கியது? நீங்கள் கேட்டு, அவள் சொல்லட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். தனியாகப் பேசுவது என்றால் மறைவில் பேசுவது அல்ல. பிறர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், பெற்றோருக்கும் போதகருக்கும் தெரிந்தே சந்தியுங்கள். இரவில் இரகசியக் குறுஞ்செய்திகள் வேண்டாம். தனக்கு யாரோ தீங்கு செய்ததாக ஒரு பிள்ளை சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாதுகாக்கும் பொறுப்பில் உள்ளவர்களிடம், சட்டம் கேட்கிற விதத்தில், உடனே சொல்லுங்கள். படிப்பு, வேலை, திருமணம் எல்லாவற்றையும் என்னைக் கேட்டே முடிவு செய் என்று ஒரு தலைவர் எதிர்பார்த்தால், அது எவ்வளவு இனிமையான குரலில் வந்தாலும் இயேசு சொன்ன "இறுமாப்பாய் ஆளுகிற" வகைதான்.

இங்கே யோவான் 13-ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்று அறிந்தவராய் இயேசு சீலையை எடுத்து அரையில் கட்டிக்கொண்டு, சீஷர்களின் கால்களைக் கழுவினார். அதிகாரம் இல்லாததால் அவர் குனியவில்லை. காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசும் அந்தப் பந்தியில்தான் இருந்தான்.

[திரையில்: பெர்கே ஊர். ஒரு வாலிபன் திரும்பிப் போகிறான்.]

கடைசியாக, விழுந்துபோன வாலிபனைப் பற்றி. மாற்கு என்னும் யோவான் முதல் ஊழியப் பயணத்தில் பெர்கேயில் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். அடுத்த பயணத்துக்கு அவனை அழைத்துப்போகலாமா என்று கேள்வி வந்தபோது, பவுல் முடியாது என்றார், பர்னபா விடவில்லை. வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தார்கள். பர்னபா மாற்குவோடு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். பவுல் கேட்டதும் நியாயமற்றது அல்ல. பாதி வழியில் விட்டுப்போனவனை நம்பி ஆபத்தான பயணம் போகமுடியுமா? பொறுப்பைத் திரும்பக் கொடுப்பதில் நிதானம் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனோடு யாராவது ஒருவர் கப்பல் ஏறவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபாவின் பெயர் வருவதில்லை. மாற்குவின் பெயரோ நிருபங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், காவலில் இருந்த பவுல் கேட்கிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்."