முதலில் கேளுங்கள், பிறகு கட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாடுகளில் பணியில் இருக்கும் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பார்சல் அனுப்பலாம் என்று இத்தனை பேர் கூடியிருக்கிறீர்கள். உங்களில் சிலருடைய மகனோ மகளோ ஜப்பானிலோ ஜெர்மனியிலோ ஏதோ ஒரு கப்பலிலோ இருக்கிறார்கள். மற்றவர்கள் முகம் தெரியாத ஒருவருக்காக வந்திருக்கிறீர்கள். இருவருக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: பெறப்போகிறவர் யார், அவருக்கு என்ன தேவை என்று தெரியாமல் பெட்டியில் டேப் ஒட்டாதீர்கள்.

"அன்போடு அனுப்புவதை வேண்டாமென்றா சொல்லப் போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். நன்றி என்று கடிதம்கூட வரும். ஆனால் கூடாரத்தின் மூலையில் யாரும் தொடாத ஷாம்பு குப்பிகளும் உருகி ஒட்டிப்போன சாக்லேட்டும் குவிந்து கிடக்கும். வீட்டில் விலை போகாததையெல்லாம் வீரருக்கு அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு, மறுக்காதீர்கள். (சிரிப்பு)

நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போவோம். முதல் உலகப்போர் நடந்த 1914 அக்டோபரில், பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மகள் இளவரசி மேரி, அப்போது வயது 17, போர்முனையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கிறிஸ்துமஸ் பரிசு அனுப்ப நிதி திரட்டினார். பொதுமக்கள் கொடுத்த பணம் 1,62,000 பிரிட்டிஷ் பவுண்டுக்கு மேல். பித்தளையில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஓர் அவுன்ஸ் புகையிலை, 20 சிகரெட், வாழ்த்து அட்டை. எல்லாருக்கும் ஒரே பரிசு என்ற எண்ணம் கேட்க அழகாக இருந்தது. வேலையைத் தொடங்கியதுமே இடித்தது. புகை பிடிக்காதவருக்குச் சிகரெட் எதற்கு? அவர்களுக்கு மிட்டாயும் எழுதுபொருளும் என்று மாற்றினார்கள். செவிலியருக்குச் சாக்லேட்.

பிறகு இந்தியப் படைகள். அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான இந்திய வீரர்கள் பிரான்சின் பதுங்குகுழிகளில் இருந்தார்கள் அல்லவா? சீக்கியருக்குப் புகையிலை ஆகாது. ஆகவே அவர்கள் பெட்டியில் கற்கண்டும் ஒரு சிறு டப்பா மசாலாப் பொருளும் வைத்தார்கள். கூர்க்காக்களுக்குப் பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்ததே. மற்ற இந்திய வீரர்களுக்குச் சிகரெட், கற்கண்டு, மசாலா மூன்றும். தண்ணீர் சுமந்த பிஸ்திகள் முதலான பணியாளர்களுக்கு மசாலா டப்பாவும் அட்டையும் மட்டும். அங்கேயும் மேல் கீழ் பார்த்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கிறிஸ்துமஸுக்குள் சுமார் 3,55,000 பேருக்குப் போய்ச் சேர்ந்தது. மீதியைக் கொடுத்து முடிக்க வருடக்கணக்கில் ஆயிற்று. அரச குடும்பமே முன்னின்று செய்தும், கடைசியில் "இவர் யார், இவருக்கு எது ஆகும்" என்ற கேள்வியில்தான் வந்து நின்றது.

1918-இல் அமெரிக்காவுக்கு அதே சிக்கல் வேறு உருவத்தில் வந்தது. பிரான்சில் அமெரிக்கப் படை பெருத்துவிட்டது, கப்பல்களிலோ இடமில்லை. அப்போது ஒரு வழி கண்டார்கள். வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு லேபிள். அதை அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். லேபிள் இருந்தால்தான் செஞ்சிலுவைச் சங்கம் அட்டைப்பெட்டி தரும். பெட்டியின் அளவு 9 அங்குலம், 4 அங்குலம், 3 அங்குலம். நம் கையில் அடங்கிவிடும் அளவு. யாரிடமிருந்து வரவேண்டும் என்பதை வீரரே முடிவு செய்தார். அம்மாவுக்கா, மனைவிக்கா என்று எத்தனை வீரர்கள் அந்த லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடியிருப்பார்கள்!

இரண்டாம் உலகப்போரில் இன்னும் கறார். சாதாரண நாட்களில், "இந்தப் பொருள் எனக்கு அனுப்பு" என்று தரைப்படை வீரர் எழுதிய கடிதத்தைத் தபால் நிலையத்தில் காட்டினால்தான் பார்சலை வாங்கினார்கள். எடை 5 பவுண்டைத் தாண்டக் கூடாது. கடல் தாண்டி இருந்த அவர்களுக்குச் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை, கிறிஸ்துமஸுக்காக, கடிதம் இல்லாமலே அனுப்பலாம். கப்பலில் இடமில்லாததால் வந்த விதிதான். ஆனாலும் கேட்டதை மட்டும் அனுப்பும் பழக்கத்தை அது நாடு முழுவதற்கும் கற்றுக்கொடுத்தது.

அனுப்பியதெல்லாம் போய்ச் சேர்ந்ததா? இங்கேதான் நான் சற்று நின்று பேச ஆசைப்படுகிறேன். 1945 பிப்ரவரி. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு வந்த கடிதங்களும் பார்சல்களும் கூரை தொடக் குவிந்து கிடக்கின்றன. ஜன்னல்களுக்குக் கறுப்புப் பூச்சு, உள்ளே குளிர், வெளிச்சம் போதாது. வீட்டிலிருந்து வந்த கேக்கும் பிஸ்கட்டும் கெட்டுப்போய், எலிகள் பெட்டிகளைக் குடைந்துகொண்டிருந்தன. அதைச் சரிசெய்ய வந்தவர்கள் 6888-ஆவது மத்திய தபால் முகவரிப் பட்டாலியன்; 855 பெண்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். தலைமை மேஜர் சாரிட்டி ஆடம்ஸ்.

படையினர் ஒரே இடத்தில் இருப்பதில்லையே. இன்று பெல்ஜியம், நாளை ஜெர்மனி, மறுநாள் மருத்துவமனை. ஆகவே படையினர் ஒவ்வொருவருக்கும் ஒரு தகவல் அட்டை. சுமார் 70 லட்சம் அட்டைகள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் உள்ள படை எண்ணைப் பார்த்துத்தான் ஆளைப் பிரித்தார்கள். சில உறைகளில் "ஜூனியர், அமெரிக்கப் படை" என்று மட்டும் இருக்கும். அனுப்பிய அம்மாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஜூனியர்தானே! ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், ஷிப்டுக்குச் சுமார் 65,000 உருப்படி. ஆறு மாதம் ஆகும் என்று கொடுத்த வேலையை மூன்றே மாதத்தில் முடித்தார்கள். அதற்குப் பிறகு அதே வேலைக்குப் பிரான்சுக்குப் போனார்கள். அவர்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தங்கப் பதக்கம் அளிக்கும் சட்டம் வந்தது 2022-இல். முக்கால் நூற்றாண்டு தாண்டி! அந்தப் பெண்கள் செய்த வேலையின் சாரம், பெயரைக் கண்டுபிடிப்பது. பார்சலில் தெளிவாக எழுதப்பட்ட ஒரு வரி யாரோ ஒருவருடைய முதுகுவலியை மிச்சப்படுத்துகிறது.

இனி நம் காலம். முன்பெல்லாம் "யாராவது ஒரு வீரருக்கு" என்று எழுதி அனுப்பினால் போய்விடும். 2001-இல் அமெரிக்காவில் சிலருக்கு ஆந்திராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமிப் பொடி வைத்த கடிதங்கள் வந்தன. அதன்பின் அந்த வழியை மூடிவிட்டார்கள். இன்றும் குறிப்பிட்ட ஒருவருடைய பெயர் இல்லாமல் ராணுவ முகவரிக்குப் பார்சல் அனுப்ப முடியாது. யாரையும் தெரியாது என்கிறவர்கள், படைப்பிரிவுகளோடு நேரடித் தொடர்பு வைத்திருக்கும் அமைப்பு வழியாக அனுப்புங்கள். 2003-இல் தொடங்கிய ஆபரேஷன் கிராட்டிட்யூட், சோல்ஜர்ஸ் ஏஞ்சல்ஸ் போன்றவை இருக்கின்றன. எந்தப் பிரிவுக்கு என்ன தேவை என்று அவர்கள் கேட்டு வைத்திருப்பார்கள்.

கேட்டு அனுப்புவதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஈராக் போர்க் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் ஒரு தாய். ஈராக்கில் இருந்த மகன் கேட்டது சில்லி ஸ்ட்ரிங். பிறந்தநாள் கொண்டாட்டத்தில் குழந்தைகள் பீச்சி அடிப்பார்களே, நுரை நூல், அதுதான். எதற்கு? ஓர் அறைக்குள் நுழையுமுன் அதைப் பீச்சினால் நூல் தரையில் விழ வேண்டும். அந்தரத்தில் தொங்கினால், கண்ணுக்குத் தெரியாத கம்பி அங்கே கட்டியிருக்கிறது, அதன் மறுமுனையில் வெடி இருக்கிறது. நூலோ கம்பியை இழுக்காத அளவுக்கு லேசானது. அந்த அம்மா ஊர் ஊராகத் திரட்டி ஆயிரக்கணக்கான குப்பிகள் சேர்த்தார். சேர்த்தும் அனுப்ப முடியவில்லை, ஏனென்றால் அழுத்தம் அடைத்த குப்பி விமானத் தபாலில் ஏறாது. அனுமதி உள்ள நிறுவனம் ஒன்று கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, 2007-இல் அனுப்பினார். நீங்களும் நானும் ஆயிரம் வருடம் யோசித்தாலும் இந்தப் பொருள் நம் பட்டியலில் வந்திருக்குமா?

சரி, கைவேலைக்கு வருவோம். முகவரியில் முழுப்பெயர், பிரிவு அல்லது பெட்டி எண், அப்புறம் ஊர்ப் பெயருக்குப் பதில் ஏ.பி.ஓ. (APO), எஃப்.பி.ஓ. (FPO) அல்லது டி.பி.ஓ. (DPO) என்ற அஞ்சலகக் குறியீடு. முதலாவது தரைப்படைக்கும் விமானப்படைக்கும், இரண்டாவது கடற்படைக்கு, மூன்றாவது தூதரகங்களுக்கு. மாநிலத்துக்குப் பதில் ஏ.ஈ. (AE), ஏ.பி. (AP), ஏ.ஏ. (AA) என்று இரண்டெழுத்து, ஐரோப்பா, மேற்காசியா, ஆப்பிரிக்கா பக்கம் முதலாவது, பசிபிக் இரண்டாவது, கனடா நீங்கலான அமெரிக்கக் கண்டங்கள் மூன்றாவது. ஊர்ப் பெயரோ நாட்டின் பெயரோ எழுதவே எழுதாதீர்கள். எழுதினால் அது அந்த நாட்டின் சாதாரணத் தபாலுக்குள் போய்விடக்கூடும். ஆள் எங்கே இருக்கிறார் என்பதும் வெளியே தெரிந்துவிடும். கட்டணம் உள்நாட்டுக் கட்டணம்தான், ஏனென்றால் கடல் தாண்டும் செலவு ராணுவத்தினுடையது. எடையைப் பார்க்காமல் ஒரே கட்டணம் வாங்கும் பெரிய ஃப்ளாட் ரேட் பெட்டிக்கு ராணுவ முகவரி என்றால் விலை இன்னும் கொஞ்சம் குறைவு.

சுங்கப் படிவத்தில் "பரிசுப் பொருட்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். "சாக்ஸ் 6 ஜோடி, காபிப் பொடி 2 பாக்கெட்" என்று பிரித்து எழுதுங்கள். நாட்டுக்கு நாடு தடைகள் வேறு. மேற்காசியாவின் பல முகவரிகளுக்குப் பன்றி இறைச்சி கலந்தது எதுவும் போகாது. மது எங்கேயும் தபாலில் போகாது. நெயில் பாலிஷ், ஏரோசால் குப்பி, கூடுதல் லித்தியம் பாட்டரி போன்றவற்றை முகவரியின் விதியைப் பார்க்காமல் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் தபால் நிலையத்தில் அந்த முகவரியின் ஜிப் எண்ணை, அதாவது அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

அடுக்கும்போது சோப்பையும் தின்பண்டத்தையும் பக்கத்தில் வைத்தால் பண்டம் முழுக்கச் சோப்பு வாடை அடிக்கும். தனித்தனி ஜிப்லாக் பையில் போடுங்கள். அந்தப் பைகளும் அங்கே மணலுக்கும் ஈரத்துக்கும் எதிராகப் பயன்படும். பாலைவனத்துக்குச் சாக்லேட் வேண்டாம், தண்ணீரில் கலக்கும் பானப் பொடி அனுப்புங்கள். வீட்டில் செய்த பலகாரம் சொந்தப் பிள்ளைக்கு அனுப்பலாம், மூன்று வாரம் தாங்கினால். முகம் தெரியாதவருக்குக் கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பாக்கெட் மட்டும். நல்ல சாக்ஸ், பேபி வைப்ஸ், உதட்டுக்குத் தடவும் பாம், கால் பவுடர் என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெண் வீரர்களை மறந்துவிடுகிறோம்; எல்லாப் பெட்டியிலும் ஷேவிங் கிரீமே இருக்கிறது. கப்பலில் இருப்பவருக்கு நாள் கணக்குச் சொல்ல முடியாது, தபால் அடுத்த துறைமுகம்வரை காத்திருக்கும், ஆகவே கெடும் பொருள் கூடவே கூடாது.

கடிதம் வையுங்கள். நீளமாக வேண்டாம். அரசியல் வேண்டாம். உங்கள் வீட்டு முழு முகவரியையும் பிள்ளைகள் எழுதும் அட்டையில் போடாதீர்கள், முதற்பெயர் போதும். பதில் வராவிட்டால் வருத்தப்பட வேண்டாம், அது அவர்கள் கடமை கிடையாது. போர்ப்பகுதி என்று அறிவித்த இடங்களில் இருக்கும் வீரர்கள் வீட்டுக்குக் கடிதம் அனுப்பத் தபால்தலை தேவையில்லை, உறையின் மூலையில் இலவசத் தபால் என்று அவர்கள் கையால் எழுதினாலே போதும். ஆகவே அவர்களுக்குத் தபால்தலை வாங்கி அனுப்பும் காசுக்கு இன்னொரு ஜோடி சாக்ஸ் வாங்குங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. மேல் உறை கிழிந்தால் உள்ளே அடையாளம் இருக்க வேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் பெறுபவர் முகவரி, அனுப்புநர் முகவரி, பொருள் பட்டியல் மூன்றையும் எழுதி மேலாக வைத்து, அப்புறம் டேப் ஒட்டுங்கள். சீட்டுகளும் பேனாவும் வாசல் பக்க மேசையில் இருக்கின்றன. பெயரும் தேவையும் எழுதிய தாள் கையில் உள்ளவர்கள் முதலில் வாருங்கள், மற்றவர்கள் அந்த அமைப்புகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு வரலாம்.