ரெய்டு ஷீட்: வாக்கியத்தின் வாலைப் பாருங்கள்

[திரை: கேரள எல்லையோரம், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடை பெஞ்ச். லேப்டாப், பக்கத்தில் பாதி குடித்த சாயா.]

வணக்கம். ரெய்டு என்றதும் வருமான வரிக்காரர்கள் ஞாபகம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. எங்கள் மேஸ்திரி அண்ணனும் முதல் நாள் அப்படித்தான் பதறினார். புராஜெக்ட் வேலையில் ரெய்டு (RAID) என்பது ரிஸ்க், அசம்ப்ஷன், இஷ்யூ, டிபென்டென்சி என்ற நான்கு சொற்களின் முதலெழுத்து. நான்கையும் ஒரே ஷீட்டில் எழுதி வாராவாரம் பார்ப்பது, அவ்வளவுதான். சில இடங்களில் ஏ என்றால் ஆக்‌ஷன், டி என்றால் டெசிஷன் என்று வைத்திருப்பார்கள். டெம்ப்ளேட் இறக்கும்போது அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எக்செல்லுக்கும் கூகுள் ஷீட்ஸுக்கும் ரெடிமேடாக நிறைய கிடைக்கின்றன. எதை எந்தப் பெட்டியில் போடுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். தமிழ் பேசுகிற நமக்கு அதில் ஒரு வசதி உண்டு.

[திரை: நான்கு வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

"லாரி லேட் ஆகலாம்." வால் 'லாம்', அது ரிஸ்க்.
"லாரி லேட் ஆயிருச்சு." நடந்துவிட்டது, அது இஷ்யூ.
"லாரி வந்தால்தான் கூரை வேலை." 'ஆல்தான்' வந்தால் டிபென்டென்சி.
"லாரி வந்துரும்தானே?" அந்தத் 'தானே' இருக்கிறதே, கேட்டுப் பார்க்காமலே நம்புவது, அதுதான் அசம்ப்ஷன்.

மற்ற மூன்றையும் யாராவது எழுதிவிடுவார்கள். 'தானே' மட்டும் ஷீட்டுக்கு வரவே வராது. மனசுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

[திரை: வேலந்தாவளம் ரோடு, தென்னந்தோப்பு, பாதி எழும்பிய ஷெட்.]

போன வருஷம் இந்தப் பக்கம் ஒரு கொப்பரை ஷெட் வேலை. கூரைத் தகடு சென்னையிலிருந்து வந்தது. வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றதெல்லாம் ஜிஎஸ்டிக்கு முந்தைய கதை. இப்போது பயம் வேறு. சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். சென்னையிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர், ஆக 3 நாள். வழியில் வண்டி படுத்துவிட்டால் பில் காலாவதி ஆகலாம். 'லாம்' வந்துவிட்டதல்லவா? ரிஸ்க்கில் எழுதினேன். காலாவதிக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம் என்பதையும், யார் நீட்டிப்பது என்பதையும் அதே வரியில் போட்டேன். ரொம்பப் பெருமை எனக்கு.

லாரி இரண்டாம் நாளே வந்துவிட்டது. இறக்க நம் ஆட்கள் கை வைத்தபோது நீலச் சட்டையில் உள்ளூர்ச் சுமைத் தொழிலாளர்கள் நான்கு பேர் வந்தார்கள்.

"தம்பி, இறக்குறது நாங்கதான். ரேட் பேசியாச்சா?"

பேசவில்லை. நோக்குகூலி என்று சும்மா நின்று பார்ப்பதற்குக் கேட்கும் காசை 2018 மே 1 முதல் கேரள அரசு தடை செய்துவிட்டது. இவர்கள் கேட்டது அதுவல்ல, இறக்கும் வேலையை. எல்லைக்கு இந்தப் பக்கம் அது வழக்கமான ஏற்பாடு. தப்பு என்னுடையது. "நம்ம ஆளுங்களே இறக்கிக்குவாங்கதானே" என்று நினைத்திருக்கிறேன், எழுதவில்லை. காலை 11 மணிக்கு வந்த வண்டி சாயங்காலம் 4 வரை நின்றது. டிரைவருக்கு வெயிட்டிங் சார்ஜ் கொடுத்தது தனி. முதல் நாளே ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

[திரை: டெம்ப்ளேட். தேவையில்லாத காலங்கள் (column) ஒவ்வொன்றாக மறைகின்றன.]

சரி, டெம்ப்ளேட்டுக்கு வருவோம். பதினைந்து காலம் இருக்கும். நான் பாதிக்கு மேல் அழித்துவிடுவேன். வரிசை எண், எழுதிய தேதி, விஷயம், யார் பொறுப்பு, அடுத்து எப்போது பார்ப்பது, இப்போதைய நிலை, இவ்வளவு போதும். பொறுப்பு என்ற இடத்தில் 'டீம்' என்று எழுதாதீர்கள். ஒரே ஒரு ஆள் பெயர் போடுங்கள்.

ரிஸ்க்குக்கு மட்டும் இன்னும் இரண்டு காலம் உண்டு: நடக்கும் வாய்ப்பு 1 முதல் 5, பாதிப்பு 1 முதல் 5. பெருக்கினால் மதிப்பெண். அந்த எண் எதை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்தத்தான். 12-க்கும் 15-க்கும் நடுவே சண்டை போட்டு மீட்டிங்கை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று. "மழை வரும்" என்று ரிஸ்க்கில் எழுதுவார்கள். ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கும், அது ஊருக்கே தெரியும். ரிஸ்க் அதுவல்ல. "தகடு தாமதமானால் மே கடைசிக்குள் கூரை முடியாமல் போகலாம், உள்ளே இறக்கிய மெஷின் நனையலாம்" என்று காரணத்தோடும் விளைவோடும் எழுதுங்கள். அப்போதுதான் தார்ப்பாய் வாங்குவதா, மெஷினைத் தள்ளி வரச் சொல்வதா என்று யோசிக்க முடியும்.

டிபென்டென்சியில் இரண்டு திசை உண்டு. கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) இணைப்பு வந்தால்தான் நாம் மெஷினை ஓட்டிப் பார்க்க முடியும், இது ஒன்று. நாம் தரை போட்டால்தான் மெஷின்காரர் வர முடியும், இது இன்னொன்று. இரண்டாவதை எழுதவே மாட்டார்கள், ஏனென்றால் காத்திருப்பது நாமில்லை!

ஒரு ரிஸ்க் நடந்துவிட்டால் அந்த வரியை அழிக்காதீர்கள். இஷ்யூவில் புது வரி போட்டுப் பழைய எண்ணைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். அப்புறம் மொழி. எங்கள் எலெக்ட்ரீஷியன் சேட்டன் தன் வரிகளை மலையாளத்தில்தான் எழுதுவார். எழுதட்டுமே, கூகுள் ஷீட்ஸுக்கு என்ன வந்தது?

[திரை: ஷீட்டின் கடைசி வரி.]

இது நேற்று மேஸ்திரி அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. "ஓணத்துக்கு நம்ம ஆளுங்க வேலைக்கு வருவாங்க, ஹார்டுவேர் கடையும் திறந்திருக்கும்தானே?"

எந்தப் பெட்டி என்று கமெண்டில் போடுங்கள். நான் அதற்குள் கடைக்கு ஒரு போன் போட்டுவிட்டு வருகிறேன்.