புகலிடம் கேட்டு வந்தவர்களுக்கு எங்கள் ஊரில் என்ன செய்யலாம்? - நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். "எங்கள் ஊர் ஹோட்டல் ஒன்றில் புகலிடம் கேட்டு வந்தவர்களைத் தங்கவைத்திருக்கிறார்கள். சூடான், எரித்திரியா, ஈரான் என்று பல நாட்டுக்காரர்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சிலர் ஏதாவது செய்யலாம் என்கிறோம். மற்றவர்கள், 'நமக்கு ஏன் வம்பு, அவர்கள் நம் ஆட்கள்கூட இல்லையே' என்கிறார்கள். பழைய துணிமணி சேர்த்துக் கொடுக்கலாமா? கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?"

முதலில் அந்த 'நமக்கு ஏன் வம்பு'. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள் என்று உடுப்பைக் களைந்து நின்று போராடியவர்கள் யார்? நம் ஆட்கள். அதே ஆண்டு ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற கப்பலில் புகலிடம் கேட்டவர்களை அடைத்துவைத்தார்கள், அதிலும் பெரும்பாலோர் தமிழர்கள். அக்டோபரில் அடித்த பெரும்புயலில் அந்தக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போயிற்று. 2023இல் போர்ட்லண்டில் 'பிபி ஸ்டாக்ஹோம்' மிதவையில் ஆட்களைக் கொண்டுபோய் வைத்தபோது நம்மில் எத்தனை பேருக்கு இது நினைவு வந்தது என்று தெரியவில்லை. இன்றைக்குக் கடை, வீடு, கோயில் நிர்வாகம் என்று இருக்கிற பல வீடுகளில் அப்பாவோ மாமாவோ அசைலம் அடித்து வந்தவர்தான். இதைக் கூட்டத்தில் ஒருமுறை சொல்லுங்கள், போதும். உதவ முன்வருகிற பெற்றோரோடு தொடங்குங்கள். எல்லோரும் சம்மதித்த பிறகுதான் என்றால் கமிட்டி போடுவதிலேயே வருடம் ஓடிவிடும். நம் சங்கங்களைப் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும்?

அடுத்தது துணிமணி. தேவையென்று கேட்டால் கொடுங்கள், குளிர்காலத்தில் ஜாக்கெட்டும் சப்பாத்தும் நிச்சயம் தேவைப்படும். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். ஒருபக்கம் கொடுக்கிறவர், மறுபக்கம் வரிசையில் நிற்கிறவர் என்று பழகிவிட்டால், எத்தனை மாதமானாலும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது.

இதை நான் எங்கிருந்து சொல்கிறேன் என்றால், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிலோயலா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. இறைச்சித் தொழிற்சாலை, சுரங்கம், பண்ணை, அவ்வளவுதான். ஓட்டும் பழமைவாதிகள் பக்கம் விழுகிற தொகுதி. அங்கே ஒரு ஈழத்தமிழ்க் குடும்பம் இருந்தது. படகில் தனித்தனியாக வந்து, ஆஸ்திரேலியாவில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கணவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அந்த அம்மா சமைத்த கறி ஊர் ஆஸ்பத்திரிக்காரர்கள் வரை போகும். இரண்டு பெண் குழந்தைகளும் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தார்கள். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை அதிகாரிகள் வந்து நால்வரையும் கூட்டிப் போனார்கள். முதலில் மெல்பர்ன் தடுப்புமுகாம். 2019இல் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள், நீதிமன்றத் தடையால் அது டார்வினோடு நின்றது, அப்புறம் கிறிஸ்துமஸ் தீவு. இத்தனைக்கும் அந்த ஊர்க்காரர்கள் விடவில்லை. மனு, வழக்கு, பத்திரிகை என்று நான்கு வருடம் அலைந்தார்கள். ஆட்சி மாறி, 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா.

அந்த ஊரில் 'அகதிகளை வரவேற்போம்' என்று யாரும் கூட்டம் போட்டு அவர்களை ஏற்றுக்கொள்ளவில்லை, கவனியுங்கள். கூட வேலை செய்தவர், கறி கொண்டுவந்து கொடுத்தவர், அடுத்த தெருவில் குழந்தையோடு போனவர், அப்படித்தான் தெரியும். அந்த ஆள் திடீரென்று காணாமல் போனதால்தான் ஊர் கொதித்தது.

உங்கள் ஊரில் சிக்கல் என்னவென்றால், பிரிட்டனில் புகலிட விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறவர் பொதுவாக வேலை செய்ய முடியாது. ஒரு வருடம் முடிவு வராமல் இருந்தால் அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்குத்தான். அதனால் கூட வேலை பார்த்துப் பழகுகிற வழி அடைபட்டுக் கிடக்கிறது. வேறு வழியை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களில் சம்பளமில்லாமல் தொண்டு செய்யத் தடையில்லை. உங்கள் பள்ளிக்கூடம் பதிவுசெய்த அறக்கட்டளைதானே? கணக்கு ஆசிரியர், தச்சர், பந்து விளையாட்டுப் பயிற்சியாளர் எல்லாம் அந்த ஹோட்டலில் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளோடு பழக வைப்பதென்றால் மற்றத் தொண்டர்களுக்குச் செய்கிற பின்னணிச் சோதனையை இவர்களுக்கும் செய்யுங்கள், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

அப்புறம் சமையல். ஹோட்டலில் இருப்பவர்களுக்கு அடுப்பே கிடையாது. கொடுக்கிற சாப்பாட்டைத்தான் சாப்பிட வேண்டும். கையில் வாரத்துக்குப் பத்து பவுண்டுகூட வராது. நீங்கள் அன்னதானம் செய்தால் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லிப் போவார்கள். அதைவிட, பள்ளி மண்டபத்துச் சமையலறையை மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களிடம் விடுங்கள். சாமான் உங்கள் செலவு. எரித்திரியப் பெண்கள் அவர்கள் ஊர் அப்பமான இன்ஜெரா சுடட்டும், நம் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடட்டும். தோசை மாதிரியே இருக்கிறதே என்று நம்மவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள், பிறகு உங்களுக்கு வேலையில்லை.

ஆங்கிலம். அரசுச் செலவில் கல்லூரி ஆங்கில வகுப்பு பொதுவாக ஆறு மாதம் காத்திருந்த பிறகுதான். அந்த ஆறு மாதம் சும்மா அறையில் கிடப்பார்கள். அந்த இடைவெளியில் வாரம் இருமுறை தேநீரோடு பேச்சுப் பழக்கம் வைத்தாலே பெரிய விஷயம். பஸ் காசையும் சேர்த்துக் கொடுங்கள். வகுப்பு நடக்கும், வர பஸ்ஸுக்கு வழி இருக்காது.

இப்போது பணத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். எல்லோரும் நினைப்பது, அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று. அங்கேதான் பலர் தெருவுக்கு வருகிறார்கள். முடிவு வந்ததும் அரசு கொடுத்த இருப்பிடத்தை விட வேண்டும். அதற்குத் தருகிற அவகாசம் வழக்கமாக 28 நாள். இடையில் 56 நாளாக்கிப் பார்த்தார்கள், தனியாட்களுக்குத் திரும்ப 28 ஆக்கிவிட்டார்கள். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் முதல் பணம் வரச் சுமார் ஐந்து வாரம், அதாவது 35 நாள். கணக்கு இடிக்கிறது பாருங்கள். முன்கூட்டியே கொஞ்சம் தருவார்கள், அது கடன், பின்னால் பிடித்துக்கொள்வார்கள். இதற்குள் வங்கிக் கணக்கு, இ-விசா, வீடு எல்லாம். வீட்டுக்காரர் முன்பணமும் ஜாமீன்தாரரும் கேட்பார். வந்து சில மாதமே ஆனவருக்கு ஜாமீன் போட யார் இருக்கிறார்? உங்கள் பணத்தை இதற்கு ஒதுக்குங்கள். அறை முன்பணத்துக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கைமாற்று நிதி மாதிரி வைக்கலாம். நம் ஆட்களில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, 'கேஸ் நான் எழுதித் தருகிறேன்' என்று கிளம்புகிற அண்ணாமார். பதிவோ தகுதியோ இல்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது அங்கே குற்றம். நல்ல மனசோடு இலவசமாகச் செய்தாலும் குற்றம்தான். வக்கீலிடம் கூட்டிப்போங்கள், மொழிபெயர்ப்பாளர் தேடிக்கொடுங்கள், அத்தோடு நில்லுங்கள். 'உங்களுக்கு அங்கே என்ன நடந்தது' என்றும் துருவ வேண்டாம். இன்னொன்று, பொன்னாடை போர்த்தி, ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிற நம் பழக்கம். அந்தப் படம் அவர் ஊரில் யார் கண்ணில் படும், அங்கே இருக்கிற தாய் தகப்பனுக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. படமே வேண்டாம்.

தனியாகவும் தொடங்காதீர்கள். 'சிட்டி ஆஃப் சாங்சுவரி' என்ற இயக்கம் 2005இல் ஷெஃபீல்டில் ஆரம்பித்து நாடு முழுக்கக் குழுக்களாகப் பரவியிருக்கிறது. பள்ளி, நூலகம், பல்கலைக்கழகம் என்று தனித்தனிப் பிரிவுகளும் உண்டு. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு குழு இருக்க வாய்ப்பு அதிகம். தேவாலயத்துக்காரர்கள், பள்ளிவாசல்காரர்கள் ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். முதல் வாரம் அவர்களைப் போய்ப் பாருங்கள், எந்தக் கிழமை ஆள் குறைவு என்று கேளுங்கள், அந்தக் கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள்.