மீறினார், ஏய்த்தார், மறுத்தார்

அனைவருக்கும் வணக்கம்.

அண்ணா சாலையில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒருவர் போலீஸ் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நழுவுகிறார். இன்னொருவர் கேமராவில் விழாதபடி நம்பர் பிளேட்டை மேல்நோக்கி மடக்கி வைத்திருக்கிறார். வேறொருவரோ காவலரின் முகத்தைப் பார்த்தபடியே வண்டியை விடுகிறார். செய்தியில் மூவருமே 'விதிமீறலில் ஈடுபட்டவர்கள்'. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. தமிழில் இந்த மூவருக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது.

'மீறு' என்பது ரொம்ப அகலமான சொல். நிலைமை கை மீறிப் போகும், சாப்பாடு அளவு மீறிப் போகும். எல்லை தாண்டியதை மட்டும் அது சொல்லும். தெரிந்து தாண்டினாரா, ஒளிந்து தாண்டினாரா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாண்டினாரா என்பதைச் சொல்லாது.

ஒளிந்து தாண்டினால் அது ஏய்ப்பு. நம்ம சென்னைப் பேச்சில் டபாய்க்கிறது. வரி ஏய்ப்பு என்கிறோம். ஆனால் 1928-இல் குஜராத்தின் பர்தோலி விவசாயிகள் செய்ததை வரிகொடா இயக்கம் என்கிறோம். இரண்டிலும் கஜானாவுக்குப் பணம் போகவில்லை. ஏய்ப்பவர் கணக்கை ஒளிக்கிறார். பர்தோலிக்காரர்கள் 'தர மாட்டோம், ஜப்தி செய்துகொள்' என்று வாசலில் நின்றே சொன்னார்கள். 22 சதவீதமாக இருந்த நிலவரி உயர்வை விசாரணைக்குப் பிறகு அரசு ஏறக்குறைய 6 சதவீதமாகக் குறைக்க வேண்டியிருந்தது.

இப்படி முகத்துக்கு நேரே செய்வதுதான் மறுப்பு. சட்டமறுப்பு என்ற சொல்லின் கனமே அதில்தான் இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். உப்பு அள்ளினார், கைதானார், சிறைக்குப் போனார். தண்டனை உண்டு என்று தெரிந்தே செய்வது மறுப்பில் பாதி. அந்த ஊரில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவரும் சிறைக்குப் போனார்.

அதே யாத்திரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தொண்டர்களுக்குச் சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். சனங்கள் என்ன செய்தார்கள்? சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். யார் கட்டியது என்று தெரியாது, அதனால் இது மறுப்பு ஆகாது. ஊரே செய்ததால், அதுவும் தனக்கென்று எதுவும் எடுக்காமல் செய்ததால், ஏய்ப்பு என்று சொல்லவும் மனசு வராது. கண்ணில் மண்ணைத் தூவினார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். வசையாகப் பயன்படும் அந்தத் தொடர் இங்கே மட்டும் பாராட்டாகிவிடுகிறது.

'காற்றில் பறக்கவிட்டார்கள்' என்பதைப் பத்திரிகைகள் எதற்கெடுத்தாலும் போடுகின்றன. அதற்கு ஒரு தனி நிறம் உண்டு. காற்றில் பறக்கவிட வேண்டுமென்றால் அந்தப் பொருள் முதலில் கையில் இருக்க வேண்டும். விதியைக் காக்க வேண்டியவரும், வசதியுள்ளவரும்தான் அதைப் பறக்கவிட முடியும். அனுமதி வாங்கிய வரைபடத்துக்கு மேல் இரண்டு மாடி எழுப்புபவருக்கு அது பொருந்தும். நடைபாதையில் கடை போட்ட பூக்காரம்மாவுக்குப் பொருந்தாது. அவரை எழுதும்போது 'ஆக்கிரமிப்பு' என்று மட்டும் தயங்காமல் எழுதுகிறோம். இது எனக்கு வலிக்கிறது.

சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். மேலே இருப்பவர் கட்டளையைத் தள்ளினால் துணிச்சல், கீழே இருப்பவர் தள்ளினால் திமிர். அத்து என்றால் எல்லை. 'அத்துமீறி நுழைந்தார்' என்பது குற்றப்பத்திரிகை மொழி. அதையே திருமாவளவன் 'அடங்க மறு, அத்து மீறு' என்று முழக்கமாக்கினார். எல்லை போட்டது யார் என்ற கேள்வி அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. சொன்ன பேச்சைக் கேட்காத பெண்ணுக்கு அடங்காப்பிடாரி என்ற சொல் வைத்திருக்கிறோம். அதே காரியத்தைச் செய்யும் ஆணை நம் வீடுகளில் என்ன சொல்லி அழைக்கிறோம்? கேள்வி நேரம் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சொற்களைச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.